பிளாஸ்மா ஆய்வாளர் ஒருவரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1970-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி சுவீடன் நாட்டின் ஹான்னெஸ் ஆல்வேனுக்குக் கிடைத்தது. அதற்குத் தேர்வாளர்கள் சொன்ன காரணம் ஒரே வாக்கியம்தான்: காந்தப் பாய்ம இயக்கவியலில் அவர் ஆற்றிய அடிப்படைப் பணிக்காகவும் அங்கே செய்த கண்டுபிடிப்புகளுக்காகவும், அவை பிளாஸ்மா இயற்பியலின் வெவ்வேறு பகுதிகளில் பயன் தந்தமைக்காகவும். (பிளாஸ்மா என்பது இங்கே மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்த வாயு; மின்கடத்தும் பாய்மம் காந்தப்புலத்தில் இயங்கும் விதத்தை ஆராய்வது காந்தப் பாய்ம இயக்கவியல்.) ஒரு வாழ்நாள் உழைப்பின் வேரும் விளைச்சலும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. பேச்சு வழக்கில் நாம் நாமினேஷன் என்று சொல்லும் பரிந்துரைக் கோப்பு, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், இப்படிப்பட்ட ஒரு வரியை எழுதி அதை மெய்ப்பிக்கும் முயற்சிதான். தம் துறைத் தலைவரையோ சக ஆய்வாளரையோ பழைய மாணவரையோ பரிந்துரைக்க விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: விருதைத் தேடும் முன் வரியை எழுதுங்கள்

பெரும்பாலானோர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, ஆய்வாளரின் பயோடேட்டாவைக் கேட்டு வாங்கித் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கிய கோப்பு பயோடேட்டாவைப் போலவே முடிகிறது: இத்தனை கட்டுரைகள், இத்தனை முனைவர் பட்ட மாணவர்கள், இத்தனை மாநாடுகள். தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் மற்றக் கோப்புகளிலும் ஏறத்தாழ இதே எண்கள்தான் இருக்கும்.

அதற்கு மாறாக, ஒரு வெற்றுத் தாளில் 'இவர் இல்லாவிட்டால் எது நமக்குத் தெரியாமல் போயிருக்கும், அல்லது எதைச் செய்ய முடியாமல் போயிருக்கும்?' என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். துகள்கள் ஒன்றோடொன்று மோதாத நிலையிலும் பிளாஸ்மாவில் எழும் அலை தானாகத் தணியும் என்று 1946-இல் லாந்தாவ் கணக்கிட்டுச் சொன்னார். அது கணிதத்தின் விளையாட்டா, இயற்கையில் நடப்பதா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. 1964-இல் மால்ம்பெர்கும் வார்ட்டனும் ஆய்வகத்தில் அந்தத் தணிவை அளந்து காட்டினார்கள். 'கணக்கில் மட்டும் இருந்த தணிவை அளந்து காட்டியவர்' என்று மால்ம்பெர்கைப் பற்றி எழுதிவிடலாம். அவருடைய மற்றப் பணிகள் எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இந்த வரி இரண்டு நாளில் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆய்வாளரின் முக்கியமான ஐந்து கட்டுரைகளையேனும் நீங்களே படிக்க வேண்டும். அவற்றுக்குப் பின் வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை மறுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படித்த பிறகும் வரி அமையவில்லை என்றால், அந்த ஆண்டு பரிந்துரைக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் நன்மை.

இரண்டாம் படி: வரிக்குப் பொருந்தும் விருதைத் தேர்ந்தெடுங்கள்

பிளாஸ்மா என்ற ஒரே சொல்லின் கீழ் விண்மீனின் உட்பகுதியும், இலேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற முயலும் அணுக்கரு இணைவு உலையும், சில்லு தயாரிக்கும் ஆலையின் அரிப்புக் கலனும், மருத்துவமனைக் கழிவைச் சிதைக்கும் கருவியும் வருகின்றன. விருதுகளும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன.

அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பரிசு 1975-இல் லைமன் ஸ்பிட்சருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. பிளாஸ்மா இயற்பியலுக்கென்றே அமைந்த பரிசுகளில் பழமையும் பெருமதிப்பும் உள்ளது இது. அதைப் பெற்றவர்களின் பட்டியலில் ரவீந்திர சுதன் 1989-இலும், சந்திரசேகர் ஜோஷி 2006-இலும், அமிதாவா பட்டாச்சார்ஜி 2022-இலும் இடம்பெற்றார்கள். அதே கழகம் தொழில்முறையின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாமஸ் ஸ்டிக்ஸ் பெயரிலும், முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மார்ஷல் ரோசன்புளூத் பெயரிலும், அயனியாகிய வாயுக்களின் ஆய்வுக்கு வில் ஆலிஸ் பெயரிலும் தனித்தனி விருதுகள் தருகிறது. ஐரோப்பிய இயற்பியல் கழகத்தின் பிளாஸ்மாப் பிரிவு 2000 முதல் ஆல்வேன் பெயரில் பரிசளிக்கிறது. பொறியியலும் பயன்பாடும் மேலோங்கிய பணி என்றால், மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ.-இன் அணுக்கரு மற்றும் பிளாஸ்மா அறிவியல் சங்கம் தரும் பிளாஸ்மா அறிவியல் மற்றும் பயன்பாட்டு விருதைப் பார்க்க வேண்டும்.

ஒரே மனிதர் இரண்டுக்கும் பொருந்தலாம். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் காந்தச் சிறையிடலில் தொடங்கி, லேசர் இணைவு வழியாக, தொழிலகங்களுக்கு உதவும் தாழ்வெப்பப் பிளாஸ்மா வரை மாறி மாறி உழைத்த பிரான்சிஸ் செனுக்கு, ஐ.இ.இ.இ. விருது 1994-இலும் மேக்ஸ்வெல் பரிசு அடுத்த ஆண்டும் கிடைத்தன. அத்தகையவருக்கு இரண்டு விருதுகளுக்கும் ஒரே கோப்பை அனுப்பக் கூடாது. வரி மாற வேண்டும், சான்றும் மாற வேண்டும்.

ஆசிய பசிபிக் இயற்பியல் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் சுப்பிரமணியன் சந்திரசேகர் பரிசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெண்குறுமீன்களின் எல்லை நிறைக்காகவே நாம் நினைக்கிறோம்; 1983-இன் நோபல் பரிசும் விண்மீன்களின் கட்டமைப்பும் படிமலர்ச்சியும் குறித்த ஆய்வுகளுக்கே வந்தது. ஆனால் அவர் சிகாகோவில் பிளாஸ்மா இயற்பியலைப் பாடமாக நடத்தினார். அந்த விரிவுரைகளை மாணவர் ஒருவர் தொகுக்க, அது 1960-இல் நூலாயிற்று. பாய்மங்கள் காந்தப்புலத்தில் எப்போது நிலைகுலையும் என்பதைப் பற்றிய அவருடைய பெருநூல் 1961-இல் வந்தது. அவரிடம் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிம்லா பூட்டி இந்தியப் பிளாஸ்மா அறிவியல் கழகத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்தக் கழகம் 1978-இல் தோன்றியது. ஆண்டுதோறும் நடக்கும் அதன் தேசியக் கருத்தரங்கில் பூட்டி பெயரிலேயே இளம் ஆய்வாளர் விருதும் உண்டு. சந்திரசேகர் பரிசு 2014-இல் ஜப்பானின் செட்சுவோ இச்சிமாருவுக்கும், அடுத்த ஆண்டு காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் நிறுவன இயக்குநர் பிரதிமான் கிருஷன் காவுக்கும் வழங்கப்பட்டது. நம்மவர் பலர் மேக்ஸ்வெல் பரிசை மட்டுமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு இந்தப் பரிசைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

உள்நாட்டில் பத்ம விருதுகளும், அறிவியலுக்கென்று ஒன்றிய அரசு தரும் ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரும் இருக்கின்றன. பத்ம விருதுக்கு யாரும் யாரையும் இணையவழியே பரிந்துரைக்கலாம். 800 சொற்களுக்கு மிகாத விளக்கவுரை கேட்பார்கள். அதைப் படிப்பவர் இயற்பியலாளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மறவாமல் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: தகுதி விதிகளைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

இதில் சுவையான செய்தி ஏதுமில்லை. ஆனால் கோப்புகள் இங்கேதான் வீணாகின்றன. வயது வரம்பா, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுக் கணக்கா, உறுப்பினராக இருக்க வேண்டுமா, தமக்குத் தாமே விண்ணப்பிக்கலாமா, மறைந்தவரைப் பரிந்துரைக்கலாமா, ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஆதரவுக் கடிதம் தரலாமா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். கடந்த ஆண்டின் படிவத்தை நம்ப வேண்டாம்.

நான்காம் படி: ஆய்வாளரிடம் சொல்வதா, வேண்டாமா

சில விருதுகளுக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். அங்கே கேள்விக்கே இடமில்லை. மற்றவற்றில் சொல்லாமல் செய்வதே நாகரிகம் என்று கருதுவோர் உண்டு. என் கருத்து வேறு. கட்டுரைப் பட்டியலைப் பிழையின்றித் தரவும், கூட்டுப் பணியில் தம் பங்கு எது என்று நேர்மையாகச் சொல்லவும் அவரால் மட்டுமே முடியும். ஆகவே சொல்லிவிடுங்கள், கிடைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் ஊட்டாதீர்கள். மேக்நாத் சாகா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாடு விண்மீன் நிறமாலையைப் படிக்கும் முறையையே மாற்றியது. அவர் நோபல் பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை.

ஐந்தாம் படி: சான்றுகளைத் திரட்டுங்கள்

உழைப்பெல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. அடிப்படை ஆய்வுக்கும் பயன்பாட்டுக்கும் சான்றின் இயல்பே வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கோட்பாட்டாளருக்கு மேற்கோள் எண்ணிக்கையைவிட, அவர் முன்கூட்டிச் சொன்னதைப் பிறர் எப்போது, எந்தக் கருவியால் சரிபார்த்தார்கள் என்பது வலுவான சான்று. லேசர் துடிப்பு பிளாஸ்மாவில் எழுப்பும் அலையின் முதுகில் எலக்ட்ரான்களை ஏற்றி முடுக்கலாம் என்று 1979-இல் தஜிமாவும் டாசனும் எழுதினார்கள். அந்த எண்ணத்தைப் பல ஆண்டு ஆய்வக உழைப்பால் வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஜோஷி. இப்படிப்பட்ட பணியைக் கால வரிசையில், எண்ணம் எழுந்த ஆண்டு, முதல் சோதனை, பிற ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தது என்று அடுக்கினால், படிப்பவர் தாமாகவே முடிவுக்கு வருவார்.

பயன்பாட்டாளருக்குக் கட்டுரைகள் குறைவாக இருக்கும். அதைக் குறையாகக் கருதி மறைக்கக் கூடாது. காந்திநகர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு மருத்துவக் கழிவைப் பிளாஸ்மாவால் சிதைக்கும் அமைப்பையும், எஃகு உறுப்புகளின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும் முறையையும், வழுக்கும் தன்மையுள்ள அங்கோரா முயல் உரோமத்தை நூற்பதற்கு ஏற்றதாக்கும் முறையையும் உருவாக்கியது. இத்தகைய பணிக்குச் சான்று இதழ்களில் கிடைக்காது. கருவி எங்கே நிறுவப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது, அதற்கு முன் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள், இப்போது யார் உரிமம் பெற்றுத் தயாரிக்கிறார்கள் என்று நேரில் விசாரித்து, பயன்படுத்துபவரின் கையொப்பத்துடன் ஒரு பக்கம் வாங்குங்கள். தேர்வாளர்கள் இதை மதிப்பார்களா என்று தயங்க வேண்டாம். 2004-இன் மேக்ஸ்வெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நோவா ஹெர்ஷ்கோவிட்சும் வலேரி கோட்யாக்கும் தாழ்வெப்பப் பிளாஸ்மாவில் உழைத்தவர்கள். அவர்களுக்கான பாராட்டு வாசகத்திலேயே தொழிலகப் பயன்பாடு சொல்லப்பட்டிருக்கிறது.

எண்களைச் சொல்லும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் கிடைத்தது. இதை 'செலவிட்டதைவிட அதிக ஆற்றல்' என்று மட்டும் எழுதினால் துறை அறிந்தவர் முகம் சுளிப்பார். லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். இலக்கை அடைந்த லேசர் ஆற்றலோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும். அதுபோல், இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்னும் டோக்காமாக்கில் (பிளாஸ்மாவை வளைய வடிவக் கலனில் காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் இணைவுக் கருவி) 2021-இல் பெற்ற 59 மெகாஜூல் என்பது ஐந்து விநாடிகளில் கிடைத்த மொத்தம். கால அளவைச் சொல்லாமல் அந்த எண்ணை எழுதுவதில் பொருளில்லை.

வருங்காலத்தைப் பற்றியும் அடக்கி வாசியுங்கள். 1955-இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிக்கொணரும் வழி கண்டறியப்படும் என்று முன்னுரைத்தார். அவருக்கே பொய்த்த கணிப்பை நம் ஆய்வாளர் பெயரில் மீண்டும் எழுத வேண்டிய தேவை இல்லை.

ஆறாம் படி: கூட்டுப் பணியில் பங்கைப் பிரித்துக் காட்டுங்கள்

டோக்காமாக் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். 'முக்கியப் பங்காற்றினார்' என்ற சொல் அங்கே எதையும் சொல்வதில்லை. எந்த அளவிடு கருவியை வடிவமைத்தார், எந்தத் தவற்றைக் கண்டுபிடித்தார், எந்த முடிவை எடுக்கச் செய்தார் என்று வினைச்சொல்லால் எழுதுங்கள். பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஈட்டர் இணைவு உலையின் குளிர்க்கலன், ஏறத்தாழ 3,850 டன் எடையுள்ள எஃகுக் கூடு, இந்தியாவின் பங்களிப்பு. அதில் ஒருவரைத் தனித்துச் சொல்ல வேண்டுமானால் அவர் தீர்த்த சிக்கலைத்தான் சொல்ல முடியும்.

பங்கைப் பிரிக்கவே முடியாத இடங்களும் உண்டு. சந்திரயான் 3-இன் விக்ரம் தரையிறங்கு கலம், 1920-களில் இர்விங் லாங்மியூர் உருவாக்கிய அளவிடு முறையைக் கையாளும் ஆய்வுமுனை ஒன்றைத் தாங்கிச் சென்று, 2023 ஆகஸ்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் தரையை ஒட்டிய பிளாஸ்மாவை அளந்தது. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் என்ற அளவில் அது ஐதாக இருப்பது தெரிந்தது. அந்தத் திட்டத்துக்கு 2024-இல் கிடைத்தது ராஷ்டிரிய விஞ்ஞான் புரஸ்காரின் விஞ்ஞான் டீம் என்னும் குழு விருது. அது சரியான முடிவு. ஒருவர் பெயரைப் போட்டு மற்றவர்களை மனம் நோகச் செய்வதைவிட, குழு விருதுக்கு விண்ணப்பிக்கலாமா என்று முதலில் பாருங்கள்.

ஏழாம் படி: ஆதரவுக் கடிதங்கள்

கடிதம் எழுதுபவர்கள் எல்லோரும் ஆய்வாளரின் நண்பர்களாகவும், எல்லாக் கடிதங்களும் ஒரே மூன்று சாதனைகளைப் பேசுவனவாகவும் இருந்தால், இருப்பது ஒரே கடிதம்தான். அதே சிக்கலில் வேறு நாட்டில் உழைத்த போட்டியாளர் ஒருவர், அந்தப் பணியின் பயனை எடுத்துத் தம் வேலையைச் செய்தவர் ஒருவர், நிறுவனத்தை வளர்த்ததையோ மாணவரை உருவாக்கியதையோ அருகிருந்து பார்த்தவர் ஒருவர் என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதிக் கொடுத்துக் கையொப்பம் மட்டும் கேட்காதீர்கள். நம்மிடையே இந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரே கை எழுதிய மூன்று கடிதங்களை அனுபவமுள்ள தேர்வாளர் இரண்டாம் பத்தியிலேயே கண்டுகொள்வார். ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

முன்பு கருத்து மாறுபட்டவரின் கடிதத்துக்கு இணையான வலு வேறெதற்கும் இல்லை. 1958-இல் யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து பிளாஸ்மா இடைவிடாமல் மீயொலி வேகத்தில் வெளிப்பாய்கிறது என்று எழுதியபோது, மதிப்பீட்டாளர்கள் இருவர் அதை ஏற்கவில்லை. வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்த சந்திரசேகருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆயினும் கணக்கில் பிழை காட்ட முடியவில்லை என்பதால் கட்டுரையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் சூரியக் காற்றை நேரில் அளந்தன. பார்க்கருக்கு மேக்ஸ்வெல் பரிசு 2003-இல் வந்தது. உங்கள் ஆய்வாளருக்கும் அப்படி ஒரு மறுப்பாளர் இருந்து, அவர் இன்று மனம் மாறியிருந்தால், துணிந்து அவரிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: பரிந்துரைக் கடிதம்

இதற்குள் கடிதம் பாதி எழுதப்பட்டிருக்கும். முதல் படியில் எழுதிய வரி முதல் பத்தியில் வர வேண்டும். அடுத்து, அந்தப் பணிக்கு முன் துறை எந்த நிலையில் இருந்தது என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பின்பு அவர் செய்தது, அதற்கான சான்று, அதனால் பிறர் செய்தது. கட்டுரை எண்ணிக்கைக்கும் பதவிகளுக்கும் கடைசியில் இரண்டு வரி போதும்.

'பிளாஸ்மாத் துறைக்கு அளப்பரிய தொண்டாற்றியவர்' என்பது போன்ற தொடர்களை நீக்குங்கள். நம் மேடைத் தமிழின் பழக்கம் ஆங்கிலக் கடிதத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நானும் அதற்கு விலக்கல்ல. அடைமொழி ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அங்கே ஓர் ஆண்டையோ அளவையோ பெயரையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வாக்கியமே தேவையில்லை. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், அதை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒன்பதாம் படி: அனுப்பிய பின்

கிடைக்காவிட்டால், சில அமைப்புகள் கோப்பை அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் வைத்திருக்கும். ஆனால் புதுப்பிக்கச் சொல்வார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த புதிய சரிபார்ப்பையோ நிறுவப்பட்ட கருவியையோ சேருங்கள். மூன்று முறை மாற்றமின்றி அனுப்பிய கோப்பு நான்காம் முறை வெல்வது அரிது. வேறு விருதைத் தேடுங்கள், அல்லது முதல் படிக்குத் திரும்பி வரியை மாற்றுங்கள்.

பத்தாம் படி: அறிவிப்பும் விழாவும்

விருது அறிவிக்கப்பட்டதும் செய்திக்குறிப்பைத் தமிழிலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இல்லையேல், பிளாஸ்மா என்றதும் இரத்தத்தின் பிளாஸ்மா என்று எண்ணி, மருத்துவ ஆய்வாளருக்கு விருது என்று அச்சாகிவிடும். குழப்பத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை: 1928-இல் அயனியாகிய வாயுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய லாங்மியூருக்கே இரத்தப் பிளாஸ்மாதான் நினைவில் இருந்தது என்று அவருடன் பணியாற்றியவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். 'மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்த வாயு. மின்னலிலும் சூரியனிலும் இருப்பது' என்று ஒரு வரி சேர்த்தால் செய்தியாளருக்கும் எளிது.

மேக்ஸ்வெல் பரிசு பெற்றவர் பிளாஸ்மாப் பிரிவின் ஆண்டுக் கூட்டத்தில் உரையாற்றுவது வழக்கம். நம் ஊரில் நடக்கும் பாராட்டு விழாவில் பொன்னாடைக்கும் வாழ்த்துரைகளுக்குமே ஒரு மணி நேரம் போய்விட, விருது பெற்றவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சுகிறது. அழைப்பிதழ் அச்சாகும் முன்பே அவருடைய உரைக்கு நாற்பது நிமிடத்தை ஒதுக்கி, வாழ்த்துவோர் எண்ணிக்கையை மூன்றாகக் குறையுங்கள். பாராட்டு வாசகத்தை மூலத்தில் உள்ளபடி ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் படியுங்கள். வெற்றிடக் கலனை வெல்டிங் செய்தவர், மின்வழங்கியைப் பழுது பார்த்தவர், இரவுப் பணியில் கருவியைக் காத்தவர் ஆகியோரின் பெயர்களை ஆய்வாளரிடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். மேடைக்கு எதிரே முதல் வரிசையில் இடம் ஒதுக்குங்கள்.